கேட்டால் அழுத்துங்கள்

கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையில் ரிஸ்வானா என்று ஒரு பெயர். என் மகளைவிடச் சின்னவள். "எவ்ளோ மெல்லிசா கேட்டாலும் அழுத்திடுங்க சார். கேக்கலைன்னா அழுத்தாதீங்க. மெஷினே ஒண்ணொண்ணா அனுப்பும், நீங்க ரிலாக்ஸா இருங்க" என்று சொல்லிவிட்டு, சிவப்பு வலது காது, நீலம் இடது காது என்று ஹெட்போனையும் அவளே மாட்டிவிட்டாள். எனக்கு ஹெட்போன் மாட்டத் தெரியாது என்று நினைத்திருப்பாள் போல. அம்மா, நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் காலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டாவது கால்ஷீட் முடிந்துதான் கழற்றுவேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். கனமான கதவு. உள்ளே நான், ஒரு நாற்காலி, சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்சு, கையில் வயரோடு ஒரு பட்டன், எதிரே ஒரு சின்னக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் அவள் உச்சந்தலை. வடபழநியில் ஆற்காடு ரோட்டு மேலேயே காதுக் கருவி விற்கிற கடை இது. செவித்திறன் பரிசோதனை இலவசம் என்று வெளியே பலகை. இலவசம் என்றால் கடைசியில் ஒரு கருவியைக் காதில் செருகித்தான் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா. எனக்குக் கருவி வேண்டாம், ஒரு தாள் வேண்டும். தணிகாசலம், வயது அறுபத்தொன்று, காது நன்றாக இருக்கிறது, கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அதைப் போட்டோ எடுத்து எங்கள் கீபோர்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் நாலு நாளாக நடக்கிற கூத்து அடங்கும். குழு அடங்குவது இருக்கட்டும், ஜெபசிங் பார்ப்பான். அவன் பார்க்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் கீபோர்டைப் பற்றி நான் சொன்னது சரிதான் என்று அவனுக்கும் தெரிய வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும்.

வந்துவிட்டது, முதல் சத்தம், வலது காதில், கூ. அழுத்தினேன். ஆயிரம் ஹெர்ட்ஸ், நொடிக்கு ஆயிரம் அதிர்வு. மேல் பி-க்கு ஒரு மயிரிழை மேலே. மறுபடியும் கூ, கொஞ்சம் மெலிதாக, அழுத்தினேன். வெறும் விசில். வளைவு நெளிவு ஒன்றும் கிடையாது, சைன் என்பார்கள், சத்தங்களிலேயே மொட்டையான சத்தம். இதை வைத்து என்னைச் சோதிக்கிறார்கள், சிரிப்பாக இருக்கிறது, ஏனென்றால் என் பிழைப்பே இந்த விசில்தான். எண்பத்தேழில் நான் வாங்கிய ஜப்பான் கீபோர்டில் இருந்தது மொத்தமே ஆறு விசில். கறுப்பும் பழுப்புமாக ஒரு நீளப் பெட்டி, வரிசையாகப் பச்சைப் பட்டன்கள், திருகுவதற்கு ஒரு குமிழ் கிடையாது, இரண்டு வரி மட்டும் தெரிகிற ஒரு துண்டுக் கண்ணாடி. ஒரு விசிலை இன்னொரு விசிலால் உலுக்கினால் மணி வரும், இன்னும் உலுக்கினால் தகரம், அதையும் தாண்டி உலுக்கினால் மழை. எந்த எண்ணை எவ்வளவு ஏற்றினால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் கிடையாது, மண்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், ஆறு மாதம் வீட்டில் யாரோடும் பேசாமல் நான் அதை மண்டைக்குள் ஏற்றினேன். இன்றைக்குப் பையன்கள் வாங்குகிற கீபோர்டில் நாலாயிரம் டோன் இருக்கிறது, ஒருத்தனும் ஒரு டோன் செய்ததில்லை. திரையைத் தடவுகிறான், பட்டியல் ஓடுகிறது, நட்சத்திரம் போட்டு வைத்துக்கொள்கிறான். ஆன் செய்தால் இரண்டு நிமிஷம் யோசிக்கிறது, நடுக் கச்சேரியில் அப்டேட் கேட்கிறது. என்னுடையது பட்டனைத் தட்டினால் அடுத்த நொடி தயார். கூ, அழுத்தினேன். இதைக் குழுவில் எழுதினால் பிரணவ் என்று ஒருத்தன், தாடியும் அவனும், "அங்கிள், உங்க கீபோர்டுல நீங்க மினுமினுப்பு மினுமினுப்புன்னு சொல்றது எலக்ட்ரிக்கல் இரைச்சல், வேற ஒண்ணுமில்ல" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போடுகிறான். நாலாவது கூ வரவில்லை. வந்திருக்கும், மிகவும் மெலிதாக இருந்திருக்கும், விட்டுவிட்டேன், பரவாயில்லை, எல்லோருக்கும் ஒன்றிரண்டு தப்பும்.

இப்போது கீழே வந்துவிட்டது, ஐந்நூறு, ம்ம் என்று. அழுத்தினேன். எட்டு எண்ணுவதற்கு ஒரு சத்தம். ஒரு சுருதிக்கு நாலு சத்தம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னது. பிறகு அடுத்த சுருதி. நான் வேண்டுமென்று எண்ணவில்லை, எண்ணிக்கை தானாக ஓடுகிறது, மாடிப்படி ஏறினாலும் எண்ணுகிற ஜாதி நாங்கள். அறுபத்துநாலு பார், அதாவது தாளக் கட்டம், சும்மா கைகட்டி உட்கார்ந்திருந்துவிட்டு அறுபத்தைந்தாவது பாரில் ஒரே ஒரு மணி, டிங், அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த மணி டோன் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் மரம், நடுவில் வெண்கலம், உச்சியில் ஒரு மினுமினுப்பு, அந்த மினுமினுப்புக்காகத்தான் ஆறு மாதம் செலவழித்தேன். அதற்கு நான் வைத்த பெயர் 'டெஸ்ட் டூ'. நல்ல பெயராக வைத்தால் எவனாவது திறந்து பார்ப்பான். அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான், கண்ணாடிமேல் பிளாஸ்திரி ஒட்டி எண்ணை மறைப்போம், சாப்பிடப் போகும்போது கீபோர்டை அணைத்துவிட்டுப் போவோம், போதாதென்று ஒரு துண்டைப் போட்டு மூடுவோம், பொண்டாட்டியை நம்பினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவனை நம்ப மாட்டோம். ஜெபசிங் ஒருத்தன்தான் பிளாஸ்திரி ஒட்டாமல் வந்து உட்கார்ந்தான். நாகர்கோவில்காரன், கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசித்து வந்தவன், தடித்த விரல், வாசித்தால் பஞ்சு. முதல் நாளே என்னுடைய பிளாஸ்திரியைப் பார்த்து, "புண்ணு வந்திருக்காடே ஒனக்க கீபோர்டுக்கு" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்து சிரிப்பும் வந்தது. மூன்றாம் மாதம் அவனுக்கு டெஸ்ட் டூவை நானே காட்டினேன், எண்ணோடு. அவன் அதை ஒரு நாள்கூட எடுத்து வாசிக்கவில்லை. "அது ஒனக்க சாதனம்லா" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். இருநூற்றைம்பது, ஊம் என்று அடியில், அழுத்தினேன். இதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, கீழ்வீட்டுச் சண்டை கேட்கிறது, மங்கை சமையலறையிலிருந்து என்னைத் திட்டுவது கேட்கிறது. டிவியை நான் சத்தமாக வைக்கிறேன் என்கிறாள். டிவியில் பேசுகிறவர்களுக்கு வாய் திறந்து பேசத் தெரியவில்லை, நான் என்ன செய்ய முடியும்.

இப்போது மேலே போகிறது, இரண்டாயிரம், கீ. அழுத்தினேன். கீ, அழுத்தினேன். மூன்றாவது கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. நாலாவது இல்லை. போன புதன்கிழமை பிரணவ் குழுவில் இரண்டு ஒலித்துண்டு போட்டான், ஒன்று பழைய ஜப்பான் கீபோர்டு, இன்னொன்று அவன் லேப்டாப்பில் இருக்கிற நகல், எது எது என்று பெரியவர்கள் சொல்லட்டும் என்று. பெரியவர்கள் என்றால் நான்தான், வேறு யார். ஒரு நிமிஷத்தில் எழுதினேன், இரண்டாவதுதான் அசல், முதலாவதில் உயிரில்லை, மூடி போட்ட பாத்திரம் மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். அதோடு விட்டேனா, இதுகூடத் தெரியாதவர்கள் கீபோர்டை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றும் எழுதினேன். இரண்டாவதுதான் லேப்டாப் என்று பதில் வந்தது. ஒலியை உச்சியில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறான், பித்தலாட்டம் செய்திருக்கிறான் என்று எழுதினேன். நூற்றைம்பது பேர் இருக்கிற குழுவில் நூறு பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் தனியாகச் சிரித்திருப்பார்கள். அப்போதுதான் நாலு வருஷமாக வாயே திறக்காதவன், குழுவில் இருக்கிறான் என்பதையே நான் மறந்திருந்தேன், ஜெபசிங், ஒரே ஒரு வரி எழுதினான். 'தணி, ஒருக்கா காதைப் பாத்துக்கிடு டே. சண்டைக்குச் சொல்லல்ல.' இரண்டு நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குச் சொல்லவில்லை என்றால் எதற்குச் சொன்னான். மூன்றாயிரம் வந்துவிட்டதா. கண்ணாடி வழியாக அவள் தலை அப்படியே குனிந்திருக்கிறது. ஏழு, எட்டு, ஆமாம், கீ என்று ஏதோ, நூல் மாதிரி. அழுத்தினேன்.

நூல் மாதிரி இருந்தது சத்தமா, நினைப்பா. கேட்டது என்றுதான் அழுத்தினேன். கேட்காமல் ஏன் அழுத்தப்போகிறேன். வயதானால் உச்சி கொஞ்சம் மங்கும், அது எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் நான் எல்லோரும் இல்லை. புதுக் கீபோர்டுகளில் மேல் பக்கம் இல்லை என்று நான் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறேன், மூக்கைப் பொத்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது, மினுமினுப்பு இல்லை. இப்போது வருகிற எதிலும் இல்லை. கொசுகூட முன்பெல்லாம் காதுப்பக்கம் வந்து ரீங்காரம் போட்டுவிட்டுத்தான் கடிக்கும், இந்தக் காலத்துக் கொசு சத்தமே போடுவதில்லை, நேராக வந்து கடித்துவிடுகிறது. மங்கையிடம் சொன்னேன், கொசுவும் மாறிவிட்டது என்று. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ராத்திரி பூரா உங்க தலைக்கு மேலதான் பாடிக்கிட்டு இருக்கு" என்றாள். அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். எட்டு எண்ணியாகிவிட்டது, அழுத்தினேன். என் பழைய கீபோர்டில் மினுமினுப்பு இன்றைக்கும் கேட்கிறதே, அதே காதுதானே, அதுதான் என் கட்சி, காது போயிருந்தால் அதிலும் கேட்கக் கூடாதல்லவா. போன பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது டெஸ்ட் டூவை வாசித்துக் காட்டினேன், கேள், உச்சியில் ஒரு தூள் பறக்கிறது பார் என்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன், அவள் ஸ்பீக்கரை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஸ்பீக்கரே ஆன் பண்ணலை நீங்க" என்றாள். எனக்குக் கேட்டது. அம்மா சத்தியமாகக் கேட்டது, தூளும் கேட்டது. அவள் ஸ்பீக்கரைப் போட்ட பிறகு கேட்டதும் அதுவேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்கு மேல் அதை யோசிக்கவில்லை, கரும்பு வெட்டப் போய்விட்டேன்.

நாலாயிரம் இப்போது வர வேண்டும். பியானோவில் கடைசிக் கட்டைக்கு முந்திய கட்டை அது. அதற்கப்புறம் மேலே ஒரே ஒரு கட்டை, பிறகு தூள்தான். ஒரு காரியம் செய்வோம், எண்ணாமல் இருப்போம், கேட்டால் மட்டும் அழுத்துவோம், அவள் சொன்ன மாதிரி. எண்ணாமல் இருப்பது கஷ்டம், காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறது. வயிற்றில் காலை இட்லி புரள்கிற சத்தம் கேட்கிறது. ஸ்பாஞ்சு. அவள் தலை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை, எட்டு எண்ணிக்கை போயிருக்கும், பதினாறு போயிருக்கும். ஒன்றுமில்லை. மெஷின் நின்றுவிட்டதோ. நிற்கவில்லை, அவள் பக்கத்துத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விட்டு விட்டு எரிகிறது, கண்ணாடியில் அதன் வெளிச்சம் தெரிகிறது, எரிந்து அணைகிறது, எரிகிறபோதெல்லாம் என் காதில் ஒரு சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை. எண்பத்தேழில் வைப்ரபோன் என்கிற உலோகக் கட்டை வாத்தியம் வாசித்த மாசிலாமணி என் கீபோர்டைச் சுற்றிச் சுற்றி வந்து, "உன் டப்பாவுல உலோகமே இல்லையேப்பா" என்றார், அந்த மாதமே என் மணி போதும் என்று அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், நான் சிரித்தேன். காதில் என்னவோ கோளாறு கிழவருக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். அவருக்கு அப்போது ஐம்பதுதான் இருக்கும். புள்ளி எரிகிறது. நாலாயிரத்தில் எனக்கு ஒன்றுமில்லை. நாலாயிரத்தில் ஒன்றுமில்லை என்றால் மதுரை.

மதுரை வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன், வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரி, வசுமதி மேடத்தின் இசைக்குழு, பாடுவதும் அவர்தான் நடத்துவதும் அவர்தான், நான் முதல் கீபோர்டு, வாத்தியங்களின் ஒலியைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. ஜெபசிங் அன்றைக்குத்தான் புதுக் கீபோர்டைக் கொண்டுவந்தான். பழையதைத் தூக்க முதுகு ஒத்துழைக்கவில்லை என்றான், எனக்கு அதுவே பிடிக்கவில்லை. சாயங்காலம் நான் மண்டபத்தின் நடுவில் போய் நின்று கேட்டேன். மந்தமாக இருந்தது. சத்தியமாக மந்தமாகத்தான் இருந்தது. ஒலி மிக்சரில் இருந்த பாஷாவிடம் ஜெபா சானலில் மேல் சுருதிகளை ஏற்று என்றேன். ஏற்றினான். இன்னும் என்றேன். "போதும்ணே, இதுக்கு மேல ஏத்துனா கிழிக்கும்" என்றான். எனக்குச் சொல்லித் தராதே, ஏற்று என்றேன். கச்சேரி ஆரம்பித்து இரண்டாவது பாட்டில் முன்வரிசையில் ஒரு குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. பெரியவர் ஒருத்தர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார், அவரைப் பார்த்து நாலு பேர் போனார்கள். எனக்கு அப்போதும் மந்தமாகத்தான் கேட்டது, பாஷாவுக்குக் கையால் ஜாடை காட்டினேன், இன்னும் ஏற்று. இடைவேளையில் மேடம் வந்து, "தணி அண்ணே, என்ன அது, காதைப் பிளக்குது" என்று கேட்டார். நான் பாஷாவைக் காட்டவில்லை, என்னைக் காட்டவில்லை, ஜெபசிங்கின் கீபோர்டைக் காட்டினேன். புதுசு மேடம், அத்தனையும் பிளாஸ்டிக், அப்போதே சொன்னேன் கேட்கவில்லை என்றேன். அவர்கள் காதைக் குத்துகிறது என்கிறார்கள், நான் மந்தம் என்கிறேன், இரண்டும் ஒரே கீபோர்டைப் பற்றி, இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லையா. உறைத்தது. ஒரு நொடி உறைத்தது, அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வாயைத் திறந்தேன். ஜெபசிங் பக்கத்தில்தான் நின்றான், பேப்பர் கப்பில் டீயோடு. என்னைப் பார்த்தான். டீயைக் குடித்து முடித்துவிட்டு மேடைக்கு ஏறினான். அடுத்த மாதம் மலேசியாப் பட்டியலில் அவன் பெயர் இல்லை, அதற்கடுத்த கச்சேரியிலும் இல்லை. மேடம் என்னிடம் கேட்டார்தான், ஜெபா அண்ணனை விட்டுவிடலாமா என்று. நீங்கள் முடிவெடுத்தால் சரி என்றேன். ஊருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்கிறானாம், மற்ற நாளில் தம்பியின் பெயிண்ட் கடையில் உட்கார்ந்திருக்கிறானாம். முப்பது வருஷம் பஞ்சு மாதிரி வாசித்த கை, சுண்ணாம்பும் டர்பன்டைனும் எடுத்துக் கொடுக்கிறது.

புள்ளி எரிகிறது. இப்போது நான் எழுந்து கதவைத் தட்டலாம். அம்மா, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்து என்று சொல்லலாம். அல்லது அவள் சொன்னபடி சும்மா இருக்கலாம், சும்மா இருப்பதுதான் இங்கே உண்மை சொல்வது, அதைவிட லேசான வேலை உலகத்தில் உண்டா, கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. ஆனால் தாள் என்ன சொல்லும். செவிடனை நம்பித்தான் அவனை அனுப்பினோம் என்று சொல்லும். நான் மேடையில் சரிபார்த்த ஒவ்வொரு கச்சேரியையும் சொல்லும், பத்து வருஷம் குழுவில் எழுதிய ஒவ்வொரு வரியையும் சொல்லும், பழையது உசத்தி, புதுசு மட்டம், அத்தனைக்கும் அடியில் ஒரு கிழவனின் மூடிய காது. இதோ எட்டு. கட்டைவிரல் அழுத்திவிட்டது. நான் அழுத்தினேன் என்று சொல்ல மாட்டேன், விரல் அழுத்தியது. இல்லை, நான்தான் அழுத்தினேன், இதிலாவது பொய் வேண்டாம். தாளம் எனக்குத் தெரியும், எட்டுக்கு ஒன்று, நாலு முறை, பிறகு அடுத்த சுருதி. ஆறாயிரம் வந்திருக்கும். முதலாவதை அழுத்தினேன், இரண்டாவதை அழுத்தினேன், மூன்றாவதைக் கொஞ்சம் தயங்கி அழுத்தினேன், நிஜமாகக் கேட்கிறவன் தயங்குவான். நாலாவதை விட்டேன். நாலையும் அழுத்தினால் சந்தேகம் வரும். எட்டாயிரம். அங்கே இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், வயதுக்குத் தக்கபடி. இடது காதுக்கும் அப்படியே, கீழே கேட்டதைக் கேட்டபடி, மேலே எண்ணிக்கைப்படி. வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகத் தாளம் பிடித்ததில்லை, ஒரு சத்தமும் இல்லாத இடத்தில், ஒரு பிசகு இல்லாமல்.

கதவு திறந்தது. ரிஸ்வானா தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு தரம் புதிதாகப் பார்த்தாள். "சார், உண்மையிலேயே அறுபத்தொண்ணா? உங்க வயசுல இப்படி நான் பாத்ததே இல்ல. நீங்க என்ன வேலை சார்?" கீபோர்டு வாசிக்கிறேன் என்றேன். "அதான் சார், மியூசிக் காது" என்றாள். தாளில் இரண்டு கோடு, சிவப்பு ஒன்று நீலம் ஒன்று, கடைசியில் லேசாகச் சரிந்து, அழகாக, நான் வரைந்த கோடு. முத்திரை வேண்டும் என்றேன், வைத்துக் கொடுத்தாள், கருவி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வெயில். நடைபாதையில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தாளைப் போட்டோ எடுத்தேன். இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஜெபசிங்கின் அந்த வரிக்குக் கீழேயே போட்டேன். 'பார்த்தாச்சு. காது நார்மல்.' போட்ட கையோடு கைதட்டல் பொம்மைகள், மாலைகள், எவனோ ஒருத்தன் தங்கக் காது என்று எழுதினான், பிரணவ்கூட, 'சாரி அங்கிள், ரெஸ்பெக்ட்' என்று எழுதினான். எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு வேண்டியது அதில் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனபோது தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. அவன்தான். போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"தணி, ஜெபா பேசுகேன். பாத்தேன் டே, சந்தோசம். கேட்டியா, ஒரு காரியம் சொல்லணும். அன்னைக்கு மதுரையில நீ மேல ஏத்து, மேல ஏத்துன்னு பாஷாகிட்ட சொல்லும்போ எனக்கு ஊசி வச்சுக் குத்துன மாதிரி இருந்து. ஒனக்க காது போச்சுன்னுதான் நான் நெனச்சேன். மேடத்துகிட்ட அதச் சொன்னா ஒன்ன வீட்டுக்கு அனுப்பிருவாவ, பிள்ளைக்குக் கல்யாணம் வேற வச்சிருந்த, அதான் வாயத் தொறக்காம வந்துட்டேன். நாலு வருசமா ஒன்னப் பத்தி மனசுல அப்படித்தான் வச்சிட்டிருந்தேன். இப்பம் பாத்தா ஒனக்க காதுல ஒரு கொறையும் இல்ல. அப்பம் கீபோர்டுதான் சரியில்ல, நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சுக்க மக்கா."

லாரியும் ஆட்டோவும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த அந்த ரோட்டில், அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.